ஆறேழு நாற்பது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைச் செய்தாலும் சிரித்துக்கொண்டே செய்ய வேண்டும். குழந்தை சோறு தின்ன செல்போனில் பொம்மை ஆட வேண்டும். முடிவெட்டுகிற கடையில் கார் மாதிரி ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறான். ஊசி போடுகிற டாக்டர் மிட்டாய் கொடுக்கிறார். ஊசி என்றால் வலிக்கும், வலித்தால் அழ வேண்டும், அழுதால் ஓயும். நடுவில் மிட்டாய்க்கு என்ன வேலை? இப்போது வாய்ப்பாட்டுக்கும் வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை விளையாட்டாகச் சொல்லித்தர வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன். வாத்தியார் புளிய விளாறால் அடித்த அடி முட்டியில் இன்னும் இருக்கிறது. வாய்ப்பாடு இல்லை, அது வேறு விஷயம்.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

வடக்குப்பட்டில் என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லாரும் தெற்கேயிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். மூன்றாவது ரூமில் நெல்லையப்பன் குடும்பம், சங்கரன்கோவில் பக்கம். அவன் காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் இருக்கிறான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அவன் சம்சாரம் மாடத்தி பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்கிறாள். நாலு வருஷமாக நிற்கிறாள், கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஒரே பெண், கவியா. நாலாம் வகுப்பு. வாய் மட்டும் அவளுக்கு முன்னால் பிறந்த மாதிரி.

கார்த்திகை மாதம், விடாத மழை. அவர்கள் ரூம் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வாஷர் மாற்றப் போயிருந்தேன். மாடத்தி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நனைந்த குடையைக்கூட மடக்கவில்லை.

“மூணாம் வாய்ப்பாட்டுக்கு மேல ஒண்ணும் தெரியலையாம். நாலாங்கிளாசு படிக்கிற புள்ள. டீச்சர் அத்தன பேரு முன்னாடி சொல்லுதாவ. நான் தலைய எங்க கொண்டு வைக்க?”

நெல்லையப்பன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், “சின்னப் புள்ளதான, வந்துரும்” என்றான்.

“எப்ப வரும்? நீரு ஒரு ஷிப்ட்டு, நான் ஒரு ஷிப்ட்டு. அவள உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்க ஆரு இருக்கா? நானும் இப்பிடித்தான் எட்டாங்கிளாசுல கணக்குல பெயிலாகி தீப்பெட்டி ஒட்டப் போனேன். இன்னைக்கு லைன்ல நிக்கேன். எம் மவளும் நிக்கணுமோ?”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?”

“கோவில்பட்டில எங்கக்கா வீட்டுல விட்டுருவோம். எதுத்தாப்லயே டியூசன் வாத்தியாரு. பெரம்பு வச்சிருக்காரு. அரைப்பரீட்சை லீவுக்குப் போகையில மூணு டிக்கெட்டு, வாரையில ரெண்டு டிக்கெட்டு. அம்புட்டுத்தான்.”

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கவியாவின் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு பேசுகிற பெண், பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏ மாடத்தி, அவள விட்டுட்டு இந்த ரூம்ல நாம ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கதா? ஒண்ணு செய்வோம். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம் இருக்குல்லா? அன்னைக்கு டீச்சர் முன்னாடி பன்னெண்டு வரைக்கும் சொல்லிட்டான்னா இங்ஙனயே இருக்கட்டும். சொல்லலன்னா நீ சொன்ன மாதிரி.”

“சொல்லட்டும், பாப்போம்.” மாடத்தி என் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்கய்யா, நான் சொல்லுததுல எதும் தப்பு இருக்கா?”

“ஒரு தப்பும் இல்லமா. பெரம்பு இல்லாத படிப்பு இன்னா படிப்பு?” என்றேன். கவியா என்னை ஒரு முறை முறைத்தாள். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனால் கேட்டால் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஆரம்பித்தது. கம்பெனி பஸ் வருவதற்குள் மாடத்தி ஒரு பக்கம் சோறு வடித்துக்கொண்டே, “ஓரேழு?” என்பாள். பிள்ளை தூக்கத்தில் “ஏழு” என்னும். “ஈரேழு?” பதில் வராது. கரண்டிக் காம்பால் ஒன்று விழும். பிறகு அழுகை. ஒரு வாரம் இப்படிப் போனது. பெண் இளைத்ததுதான் மிச்சம். டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. வாய்ப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். நான் அதற்கும், “ஆரம்பத்துல அப்டித்தான் இருக்கும்” என்றேன்.

ஐந்தாவது ரூமில் நாலு பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஜாஸ்மின். தூத்துக்குடிப் பக்கம், இருபத்திரண்டு வயது, செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள்தான் இந்த வம்பை இழுத்துவிட்டவள்.

என் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். அதன் அடியில் பத்து இருபது கறுப்புத் தட்டுகள் கிடந்தன. கம்பெனிகளில் சாமான் அடுக்கி அனுப்புகிற தட்டுகள், வரிசை வரிசையாகக் குழி இருக்கும். ட்ரே என்பார்கள். வாலாஜாபாத் ரோட்டில் பழைய சாமான் கடையில் மிளகாய் நாற்று விடலாம் என்று வாங்கிப் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது ஜாஸ்மின் அதில் ஒன்றைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவியா.

“அத்த எதுக்கு எடுத்த?” என்றேன்.

“ஒரு சோலி இருக்கு தாத்தா. இது உங்களுக்கு எதுக்கு?”

“மொளகா நாத்து வுட.”

“இந்த மழையில எவன் நாத்து விடுவான்? நாத்தெல்லாம் நீச்சலடிக்கும். பத்து நாளைக்கு எங்களுக்குத் தாங்க.”

“ஒடஞ்சி போச்சின்னா?”

“ஒடஞ்சா நானே வந்து அந்தக் குழியில மொளைக்கேன், போதுமா?”

கவியா சிரித்தாள். பத்து நாளுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. நான் பேசாமல் இறங்கிவிட்டேன். சம்மதம் என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

மாடத்தி ஊரிலிருந்து கொண்டுவந்த புளியில் எடுத்த கொட்டை ஒரு டப்பா நிறைய இருந்தது. ஜாஸ்மின் ஆரம்பித்த கம்பெனி விளையாட்டுக்கு அதுதான் சாமான். ஆறு ரூம் பிள்ளைகளும், தெருப் பிள்ளைகள் நாலைந்தும் சேர்ந்து எட்டு ஒன்பது பேர். ஒருத்தி ட்ரேக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மற்றதுகள் வரிசை வரிசையாகக் குழியில் கொட்டையைப் போடும். ஒரு வரிசை முடிந்ததும் ஜாஸ்மின் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். முதுகு காட்டி நிற்பவள் திரும்பிப் பார்க்காமல் மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும். எட்டு, பதினாறு, இருபத்துநாலு என்று போகும். சரியாகச் சொன்னால் லைன் ஓடும். தப்பினால் ஒருத்தி சிவப்புத் துண்டை உயர்த்தி, “லைன் நின்னுருச்சு!” என்று கத்துவாள். உடனே எல்லாம் குந்தி உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொள்ளும். சூப்பர்வைசர் வந்து திட்டுவார். ட்ரே நிறைகிற வரை தப்பாமல் சொன்னவள் அடுத்த ஆட்டத்துக்கு சூப்பர்வைசர். அந்தத் திட்டுகிற வேலைக்குத்தான் போட்டி.

கவியா முதல் தடவை சூப்பர்வைசர் ஆன அன்றைக்குத் தகரத்தில் மழை கொட்டுகிறது. அதையும் மீறி அவள் குரல் கீழே கேட்டது.

“எவ அது பின்னால சிரிக்கது? உனக்கு ஓவர்டைம் கட்! டார்கெட் என்ன, நீ போட்டது என்ன? பாத்ரூம்ல போயி போன் பேசிட்டு வாரியா?”

துணி காயப்போட வந்த மாடத்தி படியிலேயே நின்றுவிட்டாள். “எங்க சூப்பர்வைசர் அப்பிடியேல்லா பேசுதா” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, “இதெல்லாம் படிப்பாய்யா?” என்றாள்.

“சத்தமா கத்தனா படிப்பா? சந்தையிலகூட கத்தறாங்க” என்றேன்.

என்னையும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் நாலைந்து கொட்டை குறைகிறது என்று சொல்லி என்னை செக்யூரிட்டி ஆக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் வந்து கையை விரித்துக் காட்ட வேண்டும், நான் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நாள் கவியாவின் பாவாடை மடிப்பிலிருந்து ஏழு கொட்டை எடுத்தேன். “சூப்பர்வைசர செக் பண்ணக்கூடாது தாத்தா” என்றாள். “இன்னா சூப்பர்வைசரா இருந்தாலும் கேட்டுல செக்கிங்னா செக்கிங்தான்” என்றேன். கொட்டையை மிதித்து யாராவது படியில் விழுந்தால் நான்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வேலையை ஒத்துக்கொண்டேன்.

பத்து நாளில் நாலிலிருந்து பன்னிரண்டு வரை ஓடியது, ஏழு மட்டும் பாக்கி. டிபன் டப்பா காலியாக வந்தது. பாத்ரூமுக்குப் போகும்போதும் வாய் கணக்குப் போட்டுக்கொண்டே போனது. விடியற்காலைக் கரண்டியடி நின்றது. நெல்லையப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயா, தப்பிச்சுட்டோம்னு நெனைக்கேன்” என்றான். “பாக்கலாம்” என்றேன்.

ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வரும்போது ஜாஸ்மினுக்கு ராத்திரி ஷிப்ட் விழுந்தது. பகலெல்லாம் கதவைச் சாத்தித் தூங்கினாள். பிள்ளைகள் தாங்களாகவே ஒரு ட்ரேயைத் தேடி எடுத்தன. வரிசைக்கு ஏழு குழி, ஆறு வரிசை. அந்த ட்ரே மாடத்தி கம்பெனியில் ஓடுகிற அதே ட்ரே. “ஐ, இது அம்மா லைன் ட்ரே” என்று கவியா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாடத்தி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்துகொண்டிருந்தாள். வாசல் வரை வாசனை. கவியா அம்மிக்குப் பக்கத்தில் நின்று ஒப்பித்தாள்.

“நாலேழு இருபத்தெட்டு, அய்யேழு முப்பத்தஞ்சு, ஆறேழு நாப்பது…”

“ம்ம், சரிதான். மேல சொல்லு” என்றாள் மாடத்தி, துவையலை வழித்துக்கொண்டே.

“ஏழேழு நாப்பத்தொம்பது, எட்டேழு அம்பத்தாறு…” ஆறு வரிசைக்கு மேலே ட்ரே கிடையாது. அதனால் மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படித்திருந்தாள்.

மாடத்தி எனக்கு ஒரு கிண்ணத்தில் உளுந்தஞ்சோறு கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. நெல்லையப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாடத்திக்குத் தனியாகப் போகப் பயம். “நீங்க ஒரு எட்டு கூட வாங்கய்யா” என்றாள். என் டிவிஎஸ் வண்டியில் முன்னால் கவியாவை நிறுத்தி, பின்னால் மாடத்தியை உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். ரோடெல்லாம் சேறு. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கவியா ஒவ்வொரு லாரிச் சக்கரத்தையும் எண்ணிப் பெருக்கிக்கொண்டே வந்தாள். மாடத்தி என் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் தையல் விட்டுவிட்டது.

வகுப்பறையில் பிள்ளைகள் போக இருபது முப்பது பேர். பாதித் தாய்மார் ஷிப்ட் முடித்து அப்படியே கம்பெனிக் கோட்டோடு வந்திருந்தார்கள். சசிரேகா டீச்சர் மணிமங்கலத்துக்காரி, கண்டிப்பானவள் என்று பெயர். கவியாவை முன்னால் கூப்பிட்டாள்.

“எந்த வாய்ப்பாடு சொல்ற?”

“எது வேணும்னாலும் கேளுங்க டீச்சர்.”

“பார்றா! நாலுல ஆரம்பி.”

நாலு ஓடியது. ஐந்து, ஆறு ஓடின. பெண் ஒரு காலை லேசாக ஆட்டிக்கொண்டே சொன்னாள். டீச்சர் புருவம் மேலே போனது. மாடத்தி உதடு கூடவே அசைந்தது. ஏழு வந்தது.

“அய்யேழு முப்பத்தஞ்சு, ஆறேழு நாப்பது…”

“நிறுத்து. ஆறேழு?”

“நாப்பது டீச்சர்.”

“நல்லா யோசிச்சு சொல்லு.”

“நாப்பது.”

டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “தப்பு” என்றாள். அவ்வளவுதான், கோவில்பட்டி என்று நினைத்தேன்.

அப்போது மாடத்தி எழுந்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டு வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன டீச்சர் தப்புங்கிய? ஆறேழு நாப்பதுதான். எம் மவ சரியாத்தான் சொல்லுதா.”

“அம்மா, நீங்க உக்காருங்க.”

“நான் எதுக்கு உக்காரணும்? நாலு வருசமா நான் அந்த ட்ரேயத்தான் அடுக்குதேன். வரிசைக்கு ஏழு, ஆறு வரிசை. ட்ரேக்கு நாப்பது. ஒரு நாளைக்கு இருநூத்தம்பது ட்ரே. ஒருநாளு ஒண்ணு கூடினதில்ல, கொறஞ்சதில்ல. ஜப்பான்காரன் எண்ணிப் பாத்தே வாங்குதான். நீங்க தப்புங்கியளே!”

டீச்சருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையில் விரலை மடக்கிப் பார்த்தாள். எனக்கு மாடத்தி சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. நாலு வருஷம் கையால் செய்தவளுக்குத் தெரியாதா? “இன்னாமா டீச்சரு, அது வேல செஞ்ச கையி, பொய் சொல்லுமா?” என்று நானும் ஒரு வார்த்தை விட்டேன்.

கவியா மட்டும் வாயில் விரலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். “நாப்பது… நாப்பத்தொம்பது…” பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

“அம்மா, சண்டை போடாத. லைன் நின்னுருச்சு.”

“என்னட்டீ?”

“நாப்பதுக்கு அடுத்தது நாப்பத்தேழுல்லா வரணும்? நாப்பத்தொம்பது வருது. நடுவுல ரெண்டு ஒதைக்குது. கடைசி வரிசைய நெனச்சுப் பாரு. ரெண்டு மூலையிலயும் குழி கிடையாது. மிஷின் கை வந்து தூக்க எடம் விட்டிருக்கும்லா? கடைசி வரிசையில அஞ்சுதான்.”

மாடத்தி கண்ணை மூடினாள். காற்றில் இரண்டு கையும் தானாக அசைந்தன. இல்லாத ட்ரேயில் இல்லாத சாமானை அடுக்கினாள். கடைசி வரிசையில் கை வந்ததும் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

“ஆத்தாடி! ஆமா! மூலை கிடையாது! அப்ப நாப்பத்திரண்டு!”

முதலில் சிரித்தது டீச்சர்தான். கண்டிப்பான டீச்சர், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒட்டுமொத்தமாக வகுப்பே சிரித்தது. மாடத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எல்லாரும் அழுகிறாளோ என்று பார்த்தார்கள். சிரிப்புதான். “நாலு வருசம்! நாலு வருசமா தப்பான வாய்ப்பாட்ட அடுக்கியிருக்கேன், எவளாச்சும் சொன்னாளுவளா?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவியாவிடம் குனிந்தாள். “இன்னொண்ணு கேக்கறேன். எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு. அதே மாதிரி ரெண்டு மூலை இல்ல. எவ்ளோ?”

“ஒரு ட்ரேக்கு அம்பத்துநாலு. வாய்ப்பாட்டுக்கு அம்பத்தாறு” என்றாள் கவியா, மூச்சு விடாமல்.

“மனப்பாடம் பண்ற புள்ளைங்க நெறைய கீது. தப்ப தானே புடிச்ச புள்ளய இப்பத்தான் பாக்கறேன்” என்று டீச்சர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு பன்னிரண்டு வரை கேட்டாள். தப்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பின் பெஞ்சிலிருந்து சேரப்பணஞ்சேரி கலைமதி எழுந்து, “டீச்சர், எங்க கம்பெனி டப்பால பத்து வரிசை, வரிசைக்கு பன்னெண்டு, நடுவுல அட்டை சொருவ நாலு குழி போயிடும். எவ்ளோன்னு கேளுங்க பாக்கலாம்!” என்றாள். “நூத்திப் பதினாறு!” என்று பத்துப் பிள்ளைகள் கத்தின. உடனே இன்னொரு தாய் தன் கம்பெனிப் பெட்டியைச் சொன்னாள். அப்புறம் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். கோட்டுப் போட்ட தாய்மார் பெஞ்சு மேல் முட்டி போட்டுக்கொண்டு கணக்குக் கேட்கிறார்கள், பிள்ளைகள் பதில் கத்துகின்றன. தப்பாகச் சொன்ன ஒரு தாயைக் காதைப் பிடித்துக் குந்தி உட்காரச் சொன்னாள் கவியா. அவளும் உட்கார்ந்தாள்!

மாடத்தி ஜன்னல் பக்கம் ஒதுங்கிப் புருஷனுக்குப் போன் போட்டாள். “டீ பிரேக்கா? கேளும். வாரதுக்கும் மூணு டிக்கெட்டு எடும்… ஆமா, மூணு… அழுதீரோ? சூப்பர்வைசர் பாக்கப் போறான், மூஞ்சியத் தொடையும்.”

நான் வெளியே வந்து வண்டியைத் திருப்பினேன். கவியா வாசலுக்கு ஓடி வந்தாள்.

“தாத்தா, நாங்க நடந்து வாரோம். நீங்களும் உள்ள வாங்களேன், ஒரு கேள்வி கேக்கேன், ஈசிதான்.”

“எனக்கு வேல கீது.”

“பயந்துட்டீங்களா?”

“போடி! ஒன் வாயிக்கு ஒரு ட்ரே செஞ்சாலும் குழி பத்தாது.”

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள். வண்டி சேற்றில் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் அந்தக் கூச்சல் ரோடு வரைக்கும் வந்தது, பள்ளிக்கூடமா கல்யாண வீடா என்று போகிற லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். பிள்ளை ஒப்பித்துவிட்டது, இங்கேயே இருக்கப் போகிறது, எல்லாம் சரி. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் வகுத்தல் வருமாம், அப்புறம் பின்னமாம். அதையெல்லாம் எத்தனை பேர் கூடிச் சிரித்து முடிப்பார்கள்? சிரித்துக்கொண்டே உள்ளே போனது சிரித்துக்கொண்டே வெளியே போய்விடும். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?